நோயாளி இட்ட முதல்

சென்ற ஆண்டு என் மூத்த சகோதரியை நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மாலை ஓர் இளைஞர் வந்து இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று சிகிச்சைக்குரிய சம்மதம். மற்றொன்று, அம்மருத்துவமனையும் ஒரு பல்கலைக்கழகமும் கூடி நடத்தும் ஆய்வுக்காக அவருடைய இரத்தத்தையும் நோய்க் குறிப்புகளையும் எடுத்துக்கொள்ள அனுமதி. இரண்டாவது கட்டாயமில்லை என்று அவர் பணிவாகவே சொன்னார். அவர் அப்பால் சென்றதும் சகோதரி மெல்லக் கேட்டார்: "இதுலெ கையெழுத்துப் போட்டாத்தான் நல்லாக் கவனிப்பாங்களா தம்பி?"

"அப்படியில்லை லாத்தா. அது வேறு, இது வேறு" என்றேன்.

"டாக்டரு ஒருத்தருதானே?" என்றார் அவர்.

நாற்பதாண்டுக் காலம் கிதாபுகளோடு வாழ்ந்தவன் நான். எழுதப் படிக்க அதிகம் அறியாத அந்த மூதாட்டியின் ஒரு சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. குணப்படுத்தும் கையும் அறிவு தேடும் கையும் ஒன்றாயிருக்கும்போது, தாள்கள் இரண்டாக இருப்பதனால் மட்டும் நோயாளிக்குச் சுதந்திரம் வந்துவிடுமா?

இக்கேள்வி புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீயை நம்மவர் பெருமையோடு நினைப்பதுண்டு. மூளையைப் பற்றும் ஒரு கொடுங்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வடித்தும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாமல் விட்டும், எது பயன் தருகிறது என்று தாம் ஒப்பிட்டுப் பார்த்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய 'அல்-ஹாவீ'யில் அச்செய்தி உள்ளது. ஆய்வுமுறை வரலாற்றை எழுதுவோர் இதனை வியந்து பேசுவர். எனக்கோ, விடப்பட்டவர்களின் நினைவே வருகிறது. நலம் தரும் என்று அவரே நம்பிய ஒன்றை அவர்களுக்கு மறுத்தார் அல்லவா? ஆனால் இரத்தம் வடிப்பது அந்நோய்க்கு மருந்தாகாது என்பதை இன்று நாம் அறிவோம். விட்டுவைக்கப்பட்டவர்களே நல்லூழ் பெற்றவர்கள் போலும்! ஆகவே, ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிடவும் இயலாது. ஆராயப்படாத மருத்துவம், நல்ல உள்ளம் படைத்த மருத்துவரின் கையாலேயே தீங்கு செய்யும்.

அப்படியாயின் தவறு எங்கே நுழைகிறது? அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்னும் மாவட்டத்தைப் பார்ப்போம். 1932ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பணித்துறை, கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த டஸ்கீகி கல்வி நிலையத்தோடு கூட்டுச் சேர்ந்தது. பின்னாளில் பல்கலைக்கழகமாய் வளர்ந்த நிலையம் அது. ஏழைக் கறுப்பின ஆடவர் 600 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. 201 பேருக்கு இல்லை. நோயுற்றோரிடம் அதன் பெயர் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று சொல்லி, அதற்கு வைத்தியம் நடப்பதாக நம்பவைத்தனர். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட இலவசமான தனிச் சிகிச்சை என்றே அறிவித்தனர். உணவு தந்தனர், வாகன வசதி தந்தனர், இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க இசைந்தால் அடக்கச் செலவும் தருவதாகச் சொன்னார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தென உறுதியான பிறகும் அதனை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் தன்போக்கில் எங்கே செல்கிறது என்று காண்பதன்றோ நோக்கம்! 1972இல் செய்தித்தாள்களில் வெளிவரும் வரை, நாற்பது ஆண்டுகள் இது நடந்தது.

இதில் என்னை உறங்கவிடாதது யூனிஸ் ரிவர்ஸ் என்னும் தாதியின் கதை. அவரும் கறுப்பினப் பெண்மணி, டஸ்கீகியிலேயே பயின்றவர். ஏறக்குறைய அந்த ஆய்வின் காலம் முழுவதும் அவரே அம்மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே நின்றார். தம் காரில் அவர்களை அழைத்துச் செல்வார். வீட்டுச் செய்தி கேட்பார். இறந்தவர் குடும்பத்தோடு துக்கத்தில் அமர்வார். மருத்துவர்கள் வந்தனர், மாறினர். அவர் மட்டும் மாறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அம்மக்கள் வந்தனர். அவர் அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். பொய்யாயிருந்திருந்தால் அந்த ஆய்வு ஓராண்டுகூட நீடித்திராது.

மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேரும்போது, பின்னது அறிவைக் கொண்டுவருகிறது, முன்னது கட்டிலையும் கருவியையும் குறிப்பேட்டையும் கொண்டுவருகிறது என்றே ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. நான் அதனை ஏற்கவில்லை. கட்டிலும் கருவியும் பணத்தால் வாங்கத்தக்கவை. பல்கலைக்கழகத்தார் மருத்துவமனையின் வாயிலுக்கு வருவது, வாங்க முடியாத ஒன்றுக்காக. அது நோயாளியின் நம்பிக்கை. அந்த முதல் மருத்துவமனைக்குச் சொந்தமன்று. நோய் தீர்வதற்கென அதனிடம் வைக்கப்பட்ட அமானிதம்.

மத்ரஸாவில் முளாரபா என்னும் கூட்டு வாணிகத்தைப் பாடம் நடத்துகையில், ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார், இலாபம் முன்னரே பேசிய விகிதப்படி இருவருக்கும் உரியது என்று சொல்வோம். முதல் தந்தவர் விதித்த எல்லையை உழைப்பவர் மீறினால், நட்டம் முழுவதும் மீறியவர் தலையில் விழும். இச்சட்டத்தை அப்படியே மருத்துவமனைக்குள் கொண்டுசெல்ல நான் முனையவில்லை, உடல் சரக்கன்று. ஆயினும் ஒரு கேள்வியை அது எனக்குக் கற்றுத் தருகிறது: முதல் இட்டவருக்குச் சேரவேண்டிய பங்கு யாது?

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு விடை உண்டு. காசநோயாளிகளை ஆண்டுக்கணக்கில் நோய்மனையில் ஒதுக்கிவைப்பதே முறை என்றிருந்த காலம். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கூடி 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் முன்நிற்கவில்லை. எனினும் கூட்டின் இயல்பு ஒன்றே. 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் நோய்மனையிலும் மறுபாதியினர் தத்தம் நெருக்கடியான வீட்டிலும் அதே மாத்திரைகளை ஓராண்டு உண்டனர். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். வீட்டாரையும் பரிசோதித்து வந்தனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகையே திருப்பியது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. பிள்ளைகளைப் பிரிந்து நோய்மனை சென்று கிடக்க முடியாத ஏழைக்கு வீட்டிலேயே மருந்துண்ணும் வழி பிறந்தது. எந்த வகை மக்கள் முதல் இட்டார்களோ, அவ்வகை மக்களின் வாசலுக்கே இலாபம் வந்து சேர்ந்தது.

மேக்கன் மாவட்டத்தில் நட்டம் யாருக்குச் சேர்ந்தது? மனைவியர் சிலருக்கும் பிறந்த குழந்தைகள் சிலருக்கும் நோய் தொற்றியது. 1974இல் ஆய்வுகளைக் கண்காணிக்க அந்நாடு சட்டம் இயற்றியது. 1979இல் பெல்மான்ட் அறிக்கை, மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை வகுத்தது. 1997 மே மாதம் அந்நாட்டு அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது, அந்த 600 பேரில் உயிரோடிருந்தவர் எட்டுப் பேரே. நாம் இன்று ஒப்பமிடும் அந்த இரண்டாவது தாளின் பின்னே இத்தகைய மனிதர்கள் நிற்கிறார்கள். அதனை வெறும் சடங்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நோயுற்றவர் படுத்திருக்க, மருத்துவர் நின்றிருக்க, அறுவைக்கு முந்திய மாலையில் நீட்டப்படும் தாளில் மறுப்பதற்கு எவ்வளவு இடமிருக்கும்? சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர், வேறொரு நாளில், வீட்டார் உடனிருக்கக் கேட்டால் என்ன? 'முடியாது' என்ற சொல்லைத் தம் மருத்துவரின் முகம் பார்த்துச் சொல்ல நேராதபடி செய்தால் என்ன? ஆய்வு சற்றுத் தாமதப்படலாம்; தாமதம் பெரிய நட்டமன்று.

சகோதரி ஒப்பமிட்டார். "நாலு பேருக்கு உதவட்டும்" என்றுதான் சொன்னார். அச்சத்தினால் இட்டாரா, அருளினால் இட்டாரா என்று நான் கேட்கவில்லை. இப்பொழுது நலமாயிருக்கிறார். அன்று எடுத்த இரத்தத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று, நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் விசாரிக்கிறார். அம்மருத்துவமனைக்கு இருமுறை கடிதம் எழுதிவிட்டேன்.