உயரமும் நீளமும்

ஒரு பொருளை வாங்குவதற்கு எப்போதும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிறரிடம் சொல்லுகிற காரணம். மற்றொன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளத் தயங்குகிற காரணம். பட்டுப்புடவையானாலும், தேக்குக் கட்டிலானாலும், மோட்டார்க் காரானாலும் இந்த விதி மாறுவதில்லை. முதற் காரணம் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். ஆனால், பணப்பையைத் திறக்க வைப்பது இரண்டாவது காரணந்தான்.

குலசேகரன்பட்டினத்தில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் மருத்துவனாக இருக்கும் என் அண்ணன் மகன், அண்மையில் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தான். புதிதாக வந்திருக்கும் உயர்தரமான சிறிய எஸ்யூவி ஒன்று. இரண்டு வருஷம் ஓடிய ஆடம்பர எஸ்டேட் கார் ஒன்று. விலை ஏறக்குறைய சமம். "எதை வாங்கலாம், சித்தப்பா? எஞ்சினைப் பற்றி எனக்கே தெரியும். எது சரி என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். 'எது நல்லது' என்று கேட்டிருந்தால் மெக்கானிக்கிடம் அனுப்பியிருப்பேன். 'எது சரி' என்று கேட்டுவிட்டான். அதனால் யோசிக்க வேண்டியதாயிற்று.

எஸ்டேட் கார் என்பது நம் நாட்டில் அதிகம் காணாத பண்டம். கூரையைப் பின்புறம் வரை இழுத்து நீட்டிய கார். அமெரிக்கர் இதை ஸ்டேஷன் வாகன் என்பார்கள். ரயிலடியில் இறங்குகிறவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கையையும் சேர்த்து ஏற்றிப் போனதால் வந்த பெயர். 1929-இல் போர்டு கம்பெனி மரச்சட்டம் போட்டு அத்தகைய வண்டியைத் தானே விற்கத் தொடங்கியது. 1953-இல் ஸ்வீடனின் வால்வோ கம்பெனி தன் வண்டிக்கு 'டூயட்' என்று பெயர் வைத்தது. வேலை நாளில் சரக்கு, விடுமுறையில் குடும்பம். இரண்டு வண்டியின் வேலையை ஒன்றே செய்யும் என்பது பொருள். இந்த வம்சம் சுமை தூக்கப் பிறந்த வம்சம். பிறகுதான் அதற்குச் செல்வம் வந்தது.

எஸ்யூவியின் வம்சம் வேறு. அதன் பாட்டனார்களில் முக்கியமானவர் ஜீப். 1941-இல் யுத்தத்துக்கென்று பிறந்தவர். சேறும் மேடும் பள்ளமும் அவர் பாதை. பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை இல்லை. சிறிய எஸ்யூவிகளில் பலவற்றுக்கு முன்சக்கரங்கள் மட்டுமே உந்துசக்தி பெறுகின்றன. நம் ஊர்த் தேரிக்காட்டுச் செம்மணலில் இறக்கினால், பனையேறிகளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் பாட்டனாரின் நிமிர்ந்த தோளை மட்டும் பேரர்கள் விடவில்லை.

இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. உயரத்துக்கு நியாயம் உண்டு. என் மதினிக்கு முழங்கால் வலி. தாழ்ந்த காரில் அவர் உட்காருவதைவிட எழுந்திருப்பது பெரும்பாடு. உயர்ந்த வண்டியில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்து கொள்வார். மழையையும் மறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. அதில் வந்தவர்கள் பலர் இரண்டு நாள் தவித்தார்கள். அந்த வெள்ளத்தைப் பார்த்தவர் எவரும், தரையிலிருந்து நான்கு விரற்கடை கூடுதலாக நிற்கிற வண்டியை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

இந்த ஆசை மேனாட்டு ஆசை என்றும் தள்ளிவிட முடியாது. இப்போது எங்கள் மாவட்டமே இதன் உற்பத்தி ஸ்தலம். 2025 ஆகஸ்டு 4-ஆம் தேதி தூத்துக்குடியில் வியட்நாமின் வின்பாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 வண்டிகள் என்று திட்டம். அங்கே முதலில் செய்யப்படுபவை வி.எப்.6, வி.எப்.7 என்னும் இரண்டு மின்சார எஸ்யூவிகள். முத்துக்கும் உப்புக்கும் பெயர் வாங்கிய கரை இப்போது உயரத்தையும் விற்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, மகிழ்ச்சிதான்.

நீளத்தை மட்டும் நம்மவர்கள் விரும்பவில்லை. 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது, நெடுநாள் நிலைக்கவில்லை. 2017-இல் வால்வோ தன் வி90 எஸ்டேட்டைக் கொண்டுவந்தது. அதுவும் சிலருடைய வண்டியாகவே இருந்து மறைந்தது. நீண்ட காரை ஆஸ்பத்திரி வாசலிலேயே பார்த்துப் பழகிய கண் நம்முடையது. சுமை ஏற்றுகிற வண்டியில் முதலாளி ஏறலாமா என்ற சங்கோசமும் உண்டு. சட்டமும் நீளத்தையே அளக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத, சிறிய எஞ்சின் கொண்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி நூற்றுக்கு 18; அந்த எல்லையைத் தாண்டியவற்றுக்கு 40. முகப்பு எவ்வளவு உயரம் என்று எந்த வரியும் கேட்பதில்லை.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்று, நடந்து சென்றவர்கள்மீது கார் மோதிய ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. முகப்பு 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்திருக்கும் கார்களைவிட, 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு அதிகம். சிறிய எஸ்யூவிகள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அந்த நடு உயரத்திலும் முகப்புச் சுவர்போல் செங்குத்தாக இருந்தால் ஆபத்து கூடுகிறதாம். காரணம் எளிது. தாழ்ந்த முகப்பு காலில் இடிக்கும். ஆள் பானெட்டின்மேல் சரிவான். உயர்ந்த முகப்பு இடுப்பிலும் மார்பிலும் இடிக்கும். ஆள் தரையில் விழுவான். நாற்பது அங்குலம் என்பது நான்கு வயதுக் குழந்தையின் உயரம். அந்தக் குழந்தைக்கு இடி எங்கே விழும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

நம் நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

எங்கள் ஊர்ச் சாலையை அறிந்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண்ணாக இராது. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கூட்டங் கூட்டமாகப் போவார்கள். நவராத்திரியில் முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். காளி, குரங்கு, கரடி, குறவன் குறத்தி, ராஜா, பிச்சைக்காரன் என்று எத்தனை வேடம்! வேடம் போடுகிறவர்கள் நாற்பது நாளுக்கு மேலும் விரதம் இருப்பார்கள். கடைக்காரரும் உத்தியோகஸ்தரும்கூட வேடம் பூண்டு, வீட்டுக்கு வீடு கைநீட்டிக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். ராஜா வேடம் போட்டவனும் பிச்சை எடுத்தே தீரவேண்டும். குலசையின் வேடத்தில் நான் காண்கிற பெருமை இதுதான்: அது போட்டவனைத் தாழ்த்துகிறது, தாழ்த்துவதால் உயர்த்துகிறது. கடைசி நாளில் கடற்கரையில் அசுரனும் வேடம் மாற்றித்தான் வருகிறான். யானைத் தலை, சிங்கத் தலை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறான். எதிரில் இருப்பவரை அச்சுறுத்துவதற்காகப் போட்ட வேடம் அது. ஆகவே நிலைக்கவில்லை.

காரும் ஒரு வேடந்தான். அதனால் காரை யாரும் துறக்கவேண்டாம். எந்த வகை வேடம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

'எஸ்டேட் மட்டும் என்ன சந்நியாசியா?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெத்தென்ற தோலாசனமும் பளபளப்பும் அதிலும் உண்டு, செருக்கும் உண்டு. வேகமாக ஓட்டினால் அதுவும் கொல்லும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீளத்துக்கு ஆகும் செலவை வைத்திருப்பவனே செலுத்துகிறான். நிறுத்த இடம் தேடி அலைகிறவன் அவன். திருப்ப முடியாமல் வியர்ப்பவன் அவன். உயரத்தின் சௌகரியம் உள்ளே இருப்பவனுக்கு. அதன் விலையில் ஒரு பங்கை வெளியே நிற்பவன் கொடுக்கிறான். அவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்தார் கனமான கார்களுக்கு நிறுத்துமிடக் கட்டணத்தை மூன்று மடங்காக்க வாக்களித்தார்கள். வாக்களிக்க வந்தவர்கள் மிகச் சிலர். இருந்தாலும் வெளியே நிற்பவனுடைய கணக்கை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள் என்பது பெரிய காரியம்.

ஆகையால் என் அண்ணன் மகனுக்கு எஸ்டேட்டையே வாங்கச் சொல்லி எழுதினேன். அம்மாவின் முழங்காலுக்காக ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். முதலில் அவரை இரண்டிலும் ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். அவரால் தாழ்ந்த காரிலிருந்து எழ முடியவில்லையென்றால், தயங்காமல் உயர்ந்ததையே வாங்கட்டும். பெற்றவளின் வலியைப் புள்ளிவிவரத்தால் அடக்கச் சொல்வது அறமாகாது. ஆனால் அப்படி வாங்கினால் அதை ஒரு கடனாக நினைக்கவேண்டும். பள்ளிக்கூட வாசலிலும் கடைத்தெருவிலும் மற்றவர்களைவிட மெதுவாகப் போவதுதான் அந்தக் கடனுக்கு வட்டி. வேடம் போட்டவனுக்கு விரதம் உண்டு என்பது குலசைப் பிள்ளைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு வண்டியை வாங்கும்போது நாம் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம். ஆசனத்தை அமுக்கிப் பார்க்கிறோம். கதவைச் சாத்தி ஓசை கேட்கிறோம். அதோடு முடிந்துவிடுகிறது. இன்னும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. கீழே இறங்கி, அந்த வண்டிக்கு எதிரில் வந்து, ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து நின்று பார்க்கவேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறதோ, அதுதான் அந்த வண்டியின் உண்மையான விலை.