பிறர் வாயில் வைக்கும் சொல்: கதை உரையாடலும் வாய்மையும்

கதைமாந்தரின் பேச்சு எழுத்தாளர் புனைந்தது. எவரும் பேசாத பேச்சைப் பேசியதாக எழுதுவது பொய்யாகுமா என்பது அறவியலில் பழைய கேள்வி. பொய்க்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும் என்றார் புனித அகுஸ்தீனார். கதையென்று அறிந்தே வாசிப்பவர் ஏமாறுவதில்லை. ஆகவே புனைந்த உரையாடல் பொய்யன்று. அதனாலேயே அது வாய்மையாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. வள்ளுவர் வாய்மையை அதன் பயனைக் கொண்டு அளக்கிறார்: பிறருக்குத் தீங்கு சிறிதும் தராத சொல்லே வாய்மை. இந்த அளவையின்படி, ஒருவர் வாயில் சொல்லை வைக்கும்போது அந்த மனிதருக்கு அதனால் என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

இலங்கையில், யாருடைய பேச்சு கதையில் இடம்பெறலாம் என்ற வடிவில் இக்கேள்வி 1960களின் தொடக்கத்தில் பெரும் விவாதமாயிற்று. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதுவது 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் சாடினர். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய முற்போக்குத் திறனாய்வாளர்கள் அதை மறுத்து நின்றனர். வழக்கு என்பது உயர்ந்தோருடையதே என்ற தொல்காப்பியக் கருத்து ஒருபுறம். உயர்ந்தோர் யார் என்ற கேள்வி மறுபுறம். மொழிநடை பற்றிய சச்சரவாகத் தோன்றினாலும் அதன் அடியில் இருந்தது மனித மாண்பு பற்றிய வினா. ஒருவருடைய பேச்சை எழுத்துக்குத் தகாதது என்று தள்ளினால், அந்தப் பேச்சுக்குள் இருக்கும் அவருடைய வாழ்வும் தள்ளப்படுகிறது.

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இந்த வினா கூர்மையடைகிறது. பதுளைக்கு அருகே ஹாலிஎலப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியும் அவருடையவை. லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு), காம்பரா (அதன் ஓர் அறை), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்), தொரை (தோட்ட அதிகாரி) என்று அம்மக்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களிலேயே அவர்களுடைய வாழ்வை எழுதியவர் அவர். அவருடைய 'மீன்கள்' கதையில், வளர்ந்துவிட்ட பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டிய பெற்றோரின் கூச்சம் பேசப்படுகிறது. அந்தக் கூச்சம் வாய்விட்டுச் சொல்லக்கூடியதன்று. உரையாடலின் உண்மை சொல்லில் மட்டும் இல்லை, சொல்லாமல் விழுங்கியதிலும் இருக்கிறது.

இதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண்ணும் கணக்கப்பிள்ளையும் பேசுவதாகக் கொள்வோம்:

"ஐயா, எம் பேரு?"

"அரப்பேருதான். கிலோ கொறையுது."

"மழைங்கய்யா..."

"சரி சரி, அடுத்த ஆளு வா."

இதே இடத்தில், "நாள் முழுதும் உழைத்த எனக்கு முழுக்கூலி பெற உரிமை உண்டு" என்று அவளைப் பேசவைக்கவும் முடியும். நியாயம் அவளுடையதுதான், ஆனால் சொல் எழுத்தாளருடையது. முந்தைய உரையாடலில் 'மழைங்கய்யா' என்பதோடு பேச்சு அறுந்துபோகிறது. அந்த ஒரு சொல்லில் நனைந்த கூடை, வழுக்கும் மலை, பதில் பேசினால் நாளை என்னவாகும் என்ற அச்சம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. பின்பு லயத்துக்கு இறங்கும் வழியில் அவள் தோழியிடம், "முழுப்பேரு போட்டா அவன் அப்பன் வீட்டுச் சொத்தா கொறஞ்சிரும்?" என்கிறாள். முன்னே 'ஐயா', பின்னே 'அவன்'. இரண்டும் அவளுடைய உண்மையான பேச்சே. ஆளும் இடமும் மாறும்போது மனிதர் பேச்சை மாற்றிக்கொள்வது உயிர் பிழைக்கும் அறிவு. அதை நாணயக்கேடு என்று எண்ணுவது தவறு.

பேச்சொலியை அப்படியே பதிவதாலும் வாய்மை கைகூடிவிடாது. தொழிலாளியின் பேச்சை மட்டும் கொச்சையாகவும் மற்றவர் பேச்சைச் செந்தமிழாகவும் எழுதி வாசகரைச் சிரிக்கவைத்தால், ஒலி சரியாக இருந்தும் அந்தச் சொல் தீங்கு செய்கிறது. வள்ளுவரின் அளவையில் அது வாய்மையன்று.

ஊவாவில் பெரும்பான்மையினரின் சமயமான பௌத்தம், நல்வாக்கு என்பதில் பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கையும் விலக்கச் சொல்கிறது. கதைமாந்தரோ பொய் சொல்வர், கோள் மூட்டுவர், வைவர். அப்படியானால் எழுத்தாளர் இந்நெறியை மீறுகிறாரா? கங்காணியின் வசவு கங்காணியுடையது. அதை எழுதியவர் யாரையும் வையவில்லை. ஆனால் அந்த வசவு யாரைத் தைக்கிறது என்பதை வாசகர் உணரும்படி எழுதும் கடமை அவருடையது. கடுஞ்சொல்லை இனிமையாக்கி எழுதினால், அதைக் கேட்டவர் பட்ட வலி மறைக்கப்படுகிறது. அதுவும் வாய்மையன்று.

ஆகவே உரையாடலின் வாய்மைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பேசுபவரின் சொல் அவருடைய வாழ்விலிருந்து வர வேண்டும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்ற தெரிவு அவரிடமே இருக்க வேண்டும். எழுதியதை அவரே வாசிக்கக் கேட்டால், "இது எங்க பேச்சு" என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிய வேண்டும்.