பால் இறங்கும் நேரம்

விடியற்காலை 3. கோட்டைக்குப்பம் இன்னும் எழவில்லை. ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடை.

பிள்ளை அசைகிறாள். அழவில்லை. அதற்குள் மார் கூசுகிறது.

*

பால் இறங்கச் சற்று முன்பு ஒன்று வருகிறது.

அடிவயிற்றில் பள்ளம். காரணமில்லாத துக்கம். சந்தையில் அம்மாவின் கை நழுவிப்போன மாதிரி.

ஒரு நிமிடம். ஒன்றரை.

பால் வருகிறது. பள்ளம் தூர்ந்துபோகிறது.

*

பிள்ளை சப்பும்போது டோபமின் தணிகிறது. அது தணிந்தால்தான் புரோலாக்டினுக்கு வழி. புரோலாக்டின்தான் பாலை ஊற வைக்கிறது. இரவில் அது கூடுதல்.

அந்தத் தணிவு சிலருக்கு மனதிலும் தட்டுப்படுகிறது என்று கருதுகிறார்கள்.

எனக்குத் தட்டுப்படுகிறது.

*

ஊறிய பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். ஒரே சீராக அல்ல, விட்டு விட்டு. பயந்தால் தாமதிக்கிறது. அழுகுரல் கேட்டாலே வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது. என் ரவிக்கை நனைகிறது.

*

அம்மா பால் சுறாவை வேகவைத்துத் தோல் உரிக்கிறாள். பிழிந்து உதிர்க்கிறாள். பூண்டு நிறைய.

"சாப்பிடும்மா. பால் ஊறும்."

பாலில் குறை இல்லை. குறை எங்கே என்று அவளுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

புட்டு சூடாக இருக்கிறது. ருசியாகவும்.

*

எதிர்வீட்டு ஆயா வாசலில் வேப்பிலை செருகுகிறாள். காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்கிறாள்.

அவள் கை என் நெற்றியில். ஏரிச் சேற்றில் தடவித் தடவி இறால் பிடித்த கை. சொரசொரப்பு.

எடுக்காமல் இருக்கட்டும்.

*

நஞ்சு விழுந்த கையோடு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரிகின்றன. மாதக்கணக்கில் ஏறியது, சில நாளில்.

புரோஜெஸ்டிரோனிலிருந்து பிறக்கும் ஒன்று, மூளையை அமர்த்துவது, அதுவும் கூடவே போகிறது. அலோபிரெக்னனோலோன். பெயரை மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளை கண் திறக்கிறாள்.

*

வேலூர் அருகே கணியம்பாடி. கிராமத்துப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்த ஆய்வு. 2002-ல் வெளியானது. பிள்ளை பெற்ற 100 பேரில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு.

அவர்களைச் சுற்றி இருந்தவை: குறைந்த வருமானம். மாமியாரோடு மனக்கசப்பு. கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதது. ஆணை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது.

கடைசி வரியை இரண்டு முறை படிக்கிறேன்.

மகள் தூங்குகிறாள். விரல்கள் மூடியிருக்கின்றன.

*

பொன்னேரி. காகிதத்தில் பத்துக் கேள்விகள். 1987-ல் எடின்பரோவின் பெயரோடு வந்தவை, இப்போது தமிழில். கடந்த 7 நாள் எப்படி இருந்தன என்று கேட்கின்றன.

பத்தாவதில் பேனா நிற்கிறது.

மின்விசிறி சுற்றுகிறது. டாக்டரம்மா காத்திருக்கிறார்.

*

பால் இறங்கும்போது வரும் பள்ளத்தைச் சொல்கிறேன். அது வேறு, சோர்வு வேறு என்கிறார். இரண்டும் ஒருத்தியிடமே இருக்கலாம் என்கிறார்.

யாரோ விளக்கை ஏற்றி வைத்தது போல் இருக்கிறது.

*

செர்ட்ரலின். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பாலில் சேர்வது சொற்பம். பிள்ளையின் ரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படுவதே இல்லை.

தெரியும். ஆனாலும் முதல் மாத்திரைக்குப் பிறகு அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

*

விழுங்கிய சில மணி நேரத்தில் நரம்புகளுக்கிடையே செரோட்டோனின் கூடுகிறது. மனசு தெளிய இரண்டு வாரம். நான்கு. சிலருக்கு ஆறு.

இன்று 12-ம் நாள்.

*

அப்பாவுக்கு இன்று பாடு இல்லை. ஏரியில் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை உண்டு. முறை வரும்வரை வலை திண்ணையில்.

கிழிசலைத் தைக்கிறார். ஏன் சும்மா இருக்கிறாய் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

*

மதியம். கரையோரத் தண்ணீர் கணுக்கால் அளவு. தூரத்தில் பூநாரைகள், தலை கீழாக, அலகு சேற்றுக்குள்.

காற்றில் கருவாடு.

எதுவும் தோன்றவில்லை. சற்று நேரம் அப்படியே.

*

மறுபடி இரவு. மார் கூசுகிறது.

பள்ளம் வருகிறது. எண்ணத் தொடங்குகிறேன். பத்து. இருபது. முப்பத்தொன்று.

எங்கோ ஒரு படகின் மோட்டார் இருமிக் கிளம்புகிறது.

எண்ணிக்கை விட்டுப்போகிறது.