பார்வையும் அமானிதமும்

தரம் 8 மாணவர்களுக்கு உயிர்ப் பல்வகைமை பற்றிக் கற்பித்த நாளொன்றில், காட்டு மரத்தில் கட்டிய கமராவில் நள்ளிரவு பதிவான சிறுத்தையின் படத்தைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அதுக்கிட்ட கேட்டா சேர் எடுத்த?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வந்த பின்னர் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கமரா பெரிய அதிசயமொன்றல்ல. உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படம் எடுக்கும் சிறு பெட்டி. விலங்கு நடக்கும் பாதையின் இரு மருங்கிலும் முழங்காலளவு உயரத்தில் கட்டுவார்கள். சிறுத்தையின் இட விலாப் புள்ளிகள் வேறு, வல விலாப் புள்ளிகள் வேறு. அதனாற்றான் இரண்டு கமரா. அந்தப் புள்ளிகள் எமது கைரேகை போல, ஒன்றினுடையது மற்றொன்றுக்கு இராது. புலியின் வரிகளும் அப்படித்தான். அவற்றை வைத்தே 1990களில் கர்நாடகத்து நாகரஹொளைக் காட்டில் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கணக்கிட்டார். தூரத்துக் காடு எதற்கு? கண்டி நகருக்குக் குடிநீர் தரும் துனுமடலாவக் காட்டிலேயே அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் குழுவினர் கமரா வைத்துச் சிறுத்தைகளைப் பதிவு செய்திருக்கின்றனர். நாம் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி நகருக்குள் நுழைகையில், மேலே சரிவில் அது தன் இரவை முடித்துக்கொண்டிருக்கக் கூடும்.

பிறர் மறைவைத் துருவி ஒற்றறிவதைக் குர்ஆன் தடுக்கிறது என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விலங்குக்கு மானமில்லை, மறைக்க எதுவுமில்லை, குறை தேடவும் யாரும் போகவில்லை, பாதுகாக்கவே எண்ணுகிறார்கள். நிய்யத் நல்லது. இதுதான் நான் அவனுக்காகத் தயாரித்து வைத்த விடை.

அதைக் கலைத்தது உத்தராகண்ட்டின் கோர்பட் புலிகள் காப்பகத்துச் செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 2024இல் வெளியிட்ட ஆய்வில் அது வருகிறது. விலங்குக்கென வைத்த கமராவில், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விழுந்தது. அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஆத்திரமடைந்த ஊரார் கமராக்களை உடைத்தனர். இன்னொன்றும் அதில் உண்டு, என்னை அதிகம் வருத்தியது அதுதான். அங்கே விறகு பொறுக்கும் பெண்கள் பாடிக்கொண்டே போவார்களாம். மனிதக் குரல் கேட்டுப் புலி விலகிப் போகும். கமரா பார்க்கிறது என்ற கூச்சத்தில் அவர்களின் குரல் தணிந்துவிட்டது. புலியைக் காக்க வைத்த கண், புலியிடமிருந்து தம்மைக் காக்கும் பாட்டை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நிய்யத் மனிதனிடம் இருக்கிறது, பெட்டியிடம் இல்லை. பெட்டிக்குள் விழுந்த படம் யார் கையில் அமானிதம் என்பதல்லவா கேள்வி? மனிதர் விழுந்த படத்தை அன்றே அழிக்க வேண்டும். கமரா எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுவதற்கு முன்பே பள்ளிவாசலிலும் பன்சலையிலும் கோயிலிலும் ஊராருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சுருக்கு வைப்பவன் தப்பிவிடுவானே என்பார்கள். ஓரளவு மெய்தான். ஆனால் அவனைப் பிடிப்பதற்காக விறகுக்காரியின் மானத்தை ஈடு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுருக்கு என்றதும் இன்னொன்று. 2019இல் மலைநாட்டில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கமராக்களில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவானது. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் கழுத்து இறுகி அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்தது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்கு வைப்பவையல்ல, காட்டுப் பன்றிக்கு வைப்பவை. பன்றி இறைச்சி எமக்கு ஹராம் என்பதை எம்மவரில் அறியாதவர் இல்லை. மரவள்ளியைக் காக்கப் பன்றிக்கு வைக்கும் கம்பியில் வேறோர் உயிர் மூன்று நாள் துடிப்பது எமக்கு என்ன என்று எந்த ஜும்ஆவிலும் நான் கேட்டதில்லை. எழுதுகிற நானும் இதுவரை எழுதியதில்லை.

அடுத்த பாடத்தில் அந்த மாணவனிடம், "இல்ல மகன், கேக்கல்ல" என்றேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அவனது வாப்பாவின் தோட்டம் காட்டோரத்தில் இருக்கிறது. வேலியில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று நான் அவனிடம் கேட்கவில்லை.