பழியைத் தம்மேல் ஏற்ற மன்னர்

யாதாயினும் ஒரு தவறு நேர்ந்தவிடத்து நம்மவர் நாவில் முந்தி வருஞ் சொல் "எல்லாம் விதி" என்பதேயாம். சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்துரைக்கும். முன்னீட்டிய தொகுதி சஞ்சிதம். அதனின்று இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வந்த பகுதி பிராரத்தம். அதனை நுகருங்காலத்துப் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். மழை பொய்த்தல் பிராரத்தமாகலாம். மழை பெய்தும் வயலை உழாது விட்டது யாரால் வந்தது? ஆகாமியத்தைச் செய்துவிட்டு அதற்குப் பிராரத்தம் என்று பெயரிடுவோர், திருநீறணிந்த நெற்றியோடு நம்முடைய சாத்திரத்தைப் பொய்ச்சாட்சிக்கு அழைக்கின்றனர்.

உறையூர்ப் புகழ்ச்சோழர் கருவூரில் வீற்றிருந்த காலத்து, சிவகாமியாண்டார் ஆனிலைத் திருக்கோயிலுக்கு ஏந்திச் சென்ற பூங்கூடையை அரசருடைய பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. எறிபத்தநாயனார் அவ்யானையையும் உடன்சென்ற ஐவரையும் மழுவால் வீழ்த்தினார். சினத்தோடு வந்த மன்னர், கொன்றவர் சிவனடியார் எனக் கண்டு குதிரையினின்றும் இறங்கினார். யானை விலங்கு, அடக்குதல் பாகர் கடன், தாமோ அரண்மனையில் இருந்தவர். சொல்ல நினைந்தால் மூன்று சாட்டுக்கள் கையிலிருந்தன. ஒன்றையேனும் அவர் சொல்லவில்லை. பிழை தம்முடையது, தம்மையுங் கொல்லல் வேண்டும் என்று உடைவாளை நீட்டினார். இறைவனருளால் யானையும் ஐவரும் உயிர்பெற்று எழுந்தமையைப் பெரியபுராணங் கூறும்.

எழாத உயிரும் ஒன்று பின்னர் வந்தது. கப்பங் கட்டாத அதிகன்மேற் சென்ற சேனை வென்று மீண்டு, தலைகளைக் குவித்தபோது, அவற்றுள் ஒரு தலையிற் சடையிருந்தது. போர்க்களம் சென்றவர் அரசரல்லர், வெட்டினவரும் அல்லர். ஆயினும் சேனையை ஏவியவர் தாமே என்று கொண்டார். குமாரருக்கு முடிசூட்டுமாறு அமைச்சருக்குப் பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீயிற் புகுந்தார். தீப்புகுமாறு நாம் யாரையுங் கேட்கவில்லை. "இது என்னால் வந்தது" என்னும் ஒரு சொல்லே வேண்டப்படுவது. அதுவும் தீயினுங் கொடிதாகவன்றோ பலருக்குத் தோன்றுகின்றது!

நம் பிள்ளைகள் சமயமறியாமைக்கு முன்னோர் மிஷன் பாடசாலைகளைச் சாட்டினர். நாமும் அத்தகைய பாடசாலையொன்றிற் கற்றவரே. எம் நெற்றி நீற்றை அங்கே ஒருவரும் அழித்திலர். ஆறுமுகநாவலர் மிஷனாரிமாரைக் கண்டித்தார். சைவருடைய குற்றங்களையும் அவ்வாறே கண்டித்தார். கண்டித்ததோடமையாது 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலன அரசினர் வசமாயின. சாட்டுப் போயிற்று, அறியாமை போகவில்லை.

எம்முடைய குற்றம் ஒன்றுண்டு. வெள்ளிக்கிழமைப் பூசையிலே தேவாரம் பாடுமாறு அழைக்கப்பட்ட மாணவனொருவன் ஓரடியும் வாராது நின்றான். வீட்டிற் பழக்கவில்லை என்று அவன் தந்தையாருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து, பாடசாலையிலே பழக்கவில்லை என்றார். பாடவேளை போதாது, பரீட்சைக்குரிய பாடங்களே முடியவில்லை என்றோம் நாம். இரவிலன்றித் தாம் வீடு சேர்வதில்லை, பிள்ளை அதுவரை டியூசனில் இருக்கின்றான் என்றார் அவர். இருவர் கூறியனவும் மெய்யே. இருவருக்கும் நடுவே அப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். புகழ்ச்சோழர் சரித்திரத்தை அதே மாதத்தில் அதே வகுப்பிலே படிப்பித்தவர் நாமே என்பது, அவர் போன பின்னரே எமக்கு நினைவு வந்தது.

மறுநாள் அவனை அழைத்து, தவறு எம்முடையது என்றோம். அவன் நம்பாதவன்போற் பார்த்தான். இப்பொழுது மணியடிக்குமுன் அரைமணிநேரம் நம்மோடிருந்து ஓதுகின்றான். பதினொரு பாட்டுள்ள பதிகத்தில் நான்கு வந்திருக்கின்றன. சென்ற கிழமை தந்தையாரும் வேலைக்குப் போகும் வழியில் வாயிற்புறத்தே சிறிதுபொழுது நின்று கேட்டுச் சென்றார்.