நலமான எலும்பை வெட்டலாமா?

பற்கள் அனைத்தையும் இழந்தவருக்குப் பல்செட் பொருத்துவதற்கு முன்பு, அது அமரவேண்டிய தாடையை அறுவை மருத்துவத்தால் சீர்செய்ய நேர்வதுண்டு. பல் பிடுங்கிய இடத்தில் கூராக நிற்கும் எலும்பு முகட்டை அராவி மழமழப்பாக்குவதும், உதட்டை ஈறோடு பிணைக்கும் சவ்வு மடிப்பை வெட்டிவிடுவதும், மேலண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்புறத்திலோ புடைத்து வளரும் டோரஸ் என்னும் எலும்பு மேட்டை நீக்குவதும் இதில் அடங்கும். இவற்றுள் டோரஸே அறவியல் வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில் அது நோயன்று, புற்றாக மாறுவதுமன்று. அதை உடையவர் பலர், தம் வாயில் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்கின்றனர். செயற்கைப் பொருள் ஒன்று அமர்வதற்காக நலமான உடற்பகுதியை வெட்டுவது முறையா?

கத்தோலிக்க அறவியல் இவ்வினாவை முழுமை நெறி என்னும் கருத்தின் வழியே அணுகுகிறது. உறுப்பு முழு உடலுக்காகவே இருப்பதால், உடலைக் கெடுக்கும் அழுகிய உறுப்பை உரியவரின் இசைவோடு வெட்டலாம் என்றும், நலமான உறுப்பை அவ்வாறு வெட்டலாகாது என்றும் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். இதனைச் சொல்லளவில் கொண்டால் டோரஸைத் தொடவே இயலாது. ஆயின் 1953இல் சிறுநீரியல் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உறுப்பு நோயுற்றதா என்பதைக் காட்டிலும், அதை வைத்திருப்பது முழு உடலுக்குக் கடுந்தீங்கு தருகிறதா, அத்தீங்கை வேறு வழியில் தவிர்க்க இயலாதா, பெறும் நன்மை இழப்பை ஈடுசெய்கிறதா என்பனவே அளவுகோல் என்று விளக்கினார்.

மெல்லிய சவ்வு மட்டுமே போர்த்திய டோரஸின்மீது பல்செட் உராய்ந்து புண்ணாவதும், அது ஆடுவதால் மென்று உண்ணவும் தெளிவாகப் பேசவும் இயலாமற்போவதும் சிறு தொல்லையெனத் தோன்றலாம். எனினும் பந்தியில் அமர நாணித் தனித்து உண்பவருக்கு அது சிறிதன்று. மனிதரின் முழுமையில் பிறரோடு உண்பதும் உரையாடுவதும் அடங்குமென்று கொள்வதே நேர்மை. இரண்டாம் அளவுகோலே கடினமானது: மேட்டுக்கு நேரே இடைவெளி விட்டோ, அண்ணப்பகுதியைக் குறைத்தோ பல்செட்டை அமைக்க இயலுமாயின், கத்தியை எடுப்பதற்கு நியாயமில்லை.

எலும்பு முகட்டை அராவுவதில் இவ்வினா இன்னும் ஆழமாகிறது. பல் போனபின் தாடையெலும்பு வாழ்நாள் முழுவதும் தேய்ந்துகொண்டே செல்லும். முழுப் பல்செட் அணிந்தோரை 25 ஆண்டுக் காலப் பரப்பில் ஆராய்ந்து டால்கிரன் என்னும் ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்முகடு மேல்முகட்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. எனவே இன்றைய வசதிக்காக அராவப்படும் எலும்பு, முதுமையில் அதே மனிதரின் பல்செட்டைத் தாங்கவேண்டிய எலும்பாகும். முழு உடல் என்பதை இக்கணத்து உடலாக மட்டும் கருதும் வாதம் இங்கே போதாது. இருபது ஆண்டுகளுக்குப் பின் உண்ண அமரப்போகும் மனிதரும் அந்த முழுமையில் ஒரு பகுதியே. ஆகவே நோயாளியிடம் இசைவு கேட்கும் மருத்துவர், வலியையும் செலவையும் மட்டுமன்றி, வெட்டிய எலும்பு தானே மீண்டும் வளர்ந்துவிடாது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.