இல்லறக் கடனும் யோக வேட்கையும்

யோகம் பயில விழைவார்க்கு இல்லறக் கடன்கள் தடையாமோ என்பது அன்பர் பலர் வினவும் வினா. உப்பிலியபுரத்தில் வயலும் மனையும் ஓம்புவார்க்கும் இவ்வையம் எழுதல் இயல்பே. இதற்கு விடை, அவ்வூர் சார்ந்த திருச்சிராப்பள்ளியிலேயே உளது.

விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அரசியலிற் கணக்குத் தொழில் பூண்ட தாயுமானவர், மௌனகுருவைக் கண்டதும் அவர்பின் செல்ல விழைந்தார். குருவோ, இல்லறத்து நின்று பின்னர்த் துறக்குமாறு பணித்தனர் என வரலாறு கூறும். அவரும் மணந்து, மகப்பெற்று, மனைவியார் மறைந்த பின்னரே துறவு பூண்டார்.

பக்குவமிக்க மாணாக்கரைக் குரு தடுத்தது என்னை? துறத்தல் வேண்டுமென்னும் விரைவும் 'யான்' என்னும் முனைப்பினின்று எழுமாயின், அதுவும் வேட்கையே. மேலும், திருமூலர் யோகத்தின் எட்டுறுப்பினுள் இயமத்தையே முதற்கண் வைத்தார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்பன பிறரோடு வாழுமிடத்தன்றி எங்ஙனம் பயிலப்படும்? அரசன் பொருளைக் கணக்கிடுங் கையில் ஒரு காசும் ஒட்டாமை, மூச்சை அடக்குதற்கு முற்பட்ட யோகமாம்.

அற்றேல், கடனாற்றுவா ரெல்லாம் யோகியராவரோ எனின், ஆகார். பயன் எனக்கென்று செய்வது வினையாய்ப் பிணிக்கும். இறைபணியென்று செய்வதே பிணிப்பை நெகிழ்க்கும். ஆதலின், வைகறையில் ஒரு நாழிகை சிவனை உள்ளி, அன்றைப் பணியனைத்தையும் அவன்பால் வைத்துத் தொடங்குக. ஆசையை வலிந்தடக்குதலினும் அதனை அவன் திருவடிக்கு ஆக்குதல் எளிது, நிலைபேறும் உடைத்து.